தேர் ஓடியது, தேர்தல் ஓடவில்லை

"ஐயா, நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் யார்?"

செல்லிப்பட்டுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. வகுப்பிலே குடிமையியல் பாடம். உள்ளாட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறும் என்று பாடநூல் பகர, அதை நாமும் பண்ணோடு படித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். கேள்வி பிறந்தது, நம் குரல் அடைத்தது. தலைவர் பெயரை நாம் மறந்து போனோம் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! மறப்பதற்கு ஒரு பெயர் இருந்தாலன்றோ? கேட்ட பிள்ளை 2011-இல் பிறந்தவன். அந்த ஆண்டில்தான் புதுவையின் ஊராட்சிகளும் நகராட்சிகளும் பதவிக்காலம் முடிந்து கலைந்தன. அவன் நடை பழகினான், எழுத்தறிந்தான், மீசை அரும்பும் பருவத்தையும் எட்டிவிட்டான். தன் ஊருக்கென்று ஒரு தேர்தலை மட்டும் அவன் கண்டதில்லை.

அன்றிரவு வரலாற்று ஏடுகளைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட வியப்பு மிகுந்தது. உள்ளாட்சித் தேர்தலைத் தமிழ் மண்ணிலே முந்திக் கண்ட பகுதிகளுள் ஒன்று நம் புதுவை. அந்நியன் ஆட்சியை அகற்றும் வாக்கினை அளித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் கொம்யூன்களின் உறுப்பினர்களே. அந்தப் புதுவையிலா இந்தப் பஞ்சம்?

கதையைச் சற்றுத் தொலைவிலிருந்தே தொடங்குவோம். பழம்பெருமை பேசுவோர் நம்மை உடனே உத்தரமேரூருக்கு அழைத்துச் செல்வர். "குடவோலை கண்டவன் தமிழன்! உலகுக்கே மக்களாட்சி கற்பித்தவன் தமிழன்!" என்று மேடை அதிர முழங்குவர். முழங்கட்டும். பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டை முழுதும் படித்தோர் எத்தனை பேர்? 921-ஆம் ஆண்டைச் சார்ந்த அந்த ஆவணம் உறுப்பினனுக்குரிய தகுதிகளை அடுக்குகிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். அத்துடன் மந்திரமும் பிராமணமும் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். வேதமும் விளக்கவுரைகளும் மிகுதியாகக் கற்றிருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகை வேறு! கலப்பை பிடித்தவன் பெயரை எழுத அங்கே ஓலை இல்லை. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுத்தது ஒரு சிறுவன் என்பது உண்மை; அந்தச் சிறுவனும் எந்தத் தெருச் சிறுவன் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பாகூரும் இதற்கு விலக்கன்று. பல்லவன் நிருபதுங்கவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டிலே வழங்கிய பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களின் வருவாயை அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு எழுதி வைத்தது. அதாவது வடமொழிக் கல்விச்சாலைக்கு. மூன்று ஊர் உழவர் வியர்வை ஒரு சாலையில் வேதமாக ஒலித்தது. கல்விக்குக் கொடை தந்தானே என்று பாராட்டலாம். பள்ளியில் பணிபுரியும் நாம் பாராட்டத் தயங்கவும் மாட்டோம். அந்த உழவரின் பிள்ளைக்கு அச்சாலையில் ஓர் இடம் இருந்ததா என்ற வினாவைத் தொடுத்துவிட்டு அப்பால் செல்கிறோம்.

பிரெஞ்சியர் வந்தனர். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றிய கடற்கரைச் சிற்றூர் துறைமுகமாயிற்று, தலைநகராயிற்று. வில்லியனூரும் பாகூரும் அவர்கட்கு வந்தது துய்ப்ளேக்சின் காலத்திலே, நவாபுகளின் வாரிசுச் சண்டைக்குக் கிடைத்த கூலியாக. ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் மாறி மாறி அடித்துக்கொண்டபின், 1783-இல் வெர்சேல்சு உடன்படிக்கை இவ்விரு வட்டங்களையும் பெயர் சொல்லிப் பிரெஞ்சியர்க்கு உறுதி செய்தது. ஆயிரங்கல் தொலைவிலே எவனோ மையைத் தொட்டெழுதினான். இங்கே ஏரிக்கரையில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் எவன் குடி என்பது தீர்ந்தது! அவனை ஒரு சொல் கேட்டார்களா? இல்லை. கேட்கும் காலம் வர இன்னும் நூறாண்டு ஆயிற்று.

1880 மார்ச்சு 12. பாரிசிலே பிறந்த ஆணை ஒன்று பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்களை நிறுவியது. புதுவைப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு. 1907-இல் அவை எட்டாகப் பெருகின. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் என்பவை புதியவை. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், மேயர், வரவு செலவு, 'மேரி' என்று மக்கள் வாயில் வழங்கும் மன்றக் கட்டடம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுவதும் மேயர் பொறுப்பே. கோயிற் குருக்களும் பஞ்சாங்கமும் இல்லாமலே ஒருவன் பிறந்ததையும் மணந்ததையும் அரசு ஏடு ஒப்புக்கொண்டது. இதன் அருமையைப் பகுத்தறிவாளர் உணர்வர்.

எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயன் ஆண்ட தென்னார்க்காட்டிலே அப்போது என்ன நிலை? உள்ளூராட்சி குறித்த ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882-இல்தான் வந்தது. வந்தபின்னும் வரி கட்டுவோனுக்கே வாக்கு. இங்கோ, வயது வந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்கு என்றனர்! கேட்கச் செவி குளிர்கிறதல்லவா? பொறுங்கள், தோழர்களே.

வாக்கு எல்லோர்க்கும் உண்டு; வாக்கின் எடை எல்லோர்க்கும் ஒன்றன்று. வாக்காளரைப் பட்டியல் பிரித்தனர். ஐரோப்பியர்க்கு ஒரு பட்டியல், இந்தியர்க்கு ஒரு பட்டியல். தலைகளை எண்ணி இடம் பகிரவில்லை. பட்டியலை எண்ணிப் பகிர்ந்தனர். கைவிரலை மடக்கி எண்ணக்கூடிய கூட்டத்துக்கும் கடல் போன்ற குடிகளுக்கும் ஒரே தராசுத் தட்டு. 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று பலகையில் பொறித்து வைத்துக்கொண்டு, அதன் கீழேயே இந்தத் தராசையும் தொங்கவிட்டனர்.

இங்கே பொன்னுத்தம்பி பிள்ளையின் கதையைச் சொல்லாமற் செல்லலாகாது. வழக்கறிஞர் அவர். 1873-இல் ஐரோப்பியப் பாணிக் காலணி அணிந்து வழக்காட வந்தார் என்பதற்காக, வாதாடும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. சட்டம் கற்றவன் காலில் எதை மாட்டுவது என்பதையும் சாதி வழக்கமே முடிவு செய்ய வேண்டுமாம்! அவர் அடங்கவில்லை. பாரிசு உச்சநீதிமன்றம் வரை சென்றார், வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை பிறந்தது: சாதி மத வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோர் எழுதிக் கொடுக்கலாம் என்று. பிள்ளை முதல்வராய் முன்வந்து 'லபோர்த்' என்று பெயர் பூண்டார். வாசல் என்பது அதன் பொருள். அவ்வாசல் வழியே தாழ்த்தப்பட்டோர் பலர் நுழைந்தனர். தாழ்வு எழுதிய ஏட்டைத் தூக்கி எறிய அவர்கட்குக் காரணமா இல்லை?

உயர்சாதிக் கோட்டை நடுங்கிற்று. துறந்தவர்கள் ஐரோப்பியர் பட்டியலில் ஏறிவிட்டால் நேற்றுவரை சேரியில் இருந்தவன் நாளை மன்றத்தில் அமர்ந்துவிடுவானே! பழமைக் கட்சியின் தளபதி சண்முக வேலாயுத முதலியார். கெட்டிக்காரர், தேர்தல் களத்தைத் தம் பிடியில் வைத்திருந்தவர். பாரிசில் இருந்துகொண்டே புதுவைக்குப் பிரதிநிதியாக நின்ற வெள்ளைக்காரர்கட்கு இங்கிருந்து வாக்கு வாரித் தந்தவர். வெள்ளையர்க்கும் அந்த அச்சம் இருந்தது. அச்சமும் அச்சமும் கைகுலுக்கின. 1884-இல் பட்டியல் மூன்றாயிற்று: ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர். வாசலைத் திறந்தார்கள், உள்ளே வந்தவனைத் திண்ணையிலேயே நிறுத்தினார்கள். 1899-இல் பட்டியல் மீண்டும் இரண்டாகச் சுருங்கியது. எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் போட்டாலும் பெரும்பான்மைக்கு உரிய இடம் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இந்த மன்றங்களை ஆட்டிவைத்தது சாதி ஒன்றுதானா? காசும்தான். புதுவையின் பொருள் வாழ்வைப் பாருங்கள். 1815-இல் ஆங்கிலேயனோடு செய்த ஒப்பந்தத்தால் உப்பு வாணிகம் அவன் கைக்குப் போயிற்று. ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசின் கருவூலத்துக்கு வந்தது. உப்பு விளைத்தவன் தொழில் போயிற்று, கருவூலம் கொழுத்தது. எஞ்சியது துணி. நீலச் சாயம் தோய்த்த 'கினே' துணி இங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் கரை சேர்ந்தது. அங்கே கருவேலம் பிசினுக்குப் பண்டமாற்றாயிற்று. செனகல் பாலையிலே ஒருவன் உடுத்த நீல ஆடை, புதுவைச் சாயத்தொட்டியில் கை வெந்த ஒருவனின் உழைப்பு! 1820-களின் இறுதியில் சவானா ஆலை எழுந்தது. நூற்றாண்டின் முடிவில் கெப்ளே ஆலையும், 1898-இல் உரோடியர் ஆலையும் எழுந்தன. ஆலை முதலாளி ஆன்றி கெப்ளேதான் 1908-க்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புதுவையின் மேயர்! காலையில் ஆலைச் சங்கு ஊதுபவரும் அவரே, மாலையில் நகர மன்றத்து மணி அடிப்பவரும் அவரே. கூலி உயர்வு கேட்பவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

அதே நூற்றாண்டில் வேறொரு கப்பலும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அது ஏற்றிச் சென்றது மனிதரை. ரெயூனியன் கரும்புத் தோட்டங்களுக்கு 1820-களிலேயே ஆள் பிடித்தனர். 1848-இல் பிரான்சு தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்த கையோடு மர்த்தினிக்குக்கும் குவதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளைத் தேடிற்று. 1853-இல் மர்த்தினிக்கில் முதற்கப்பல் இறங்கியது. வாக்குரிமை பெற்ற ஊரின் மக்கள் வயிற்றுக்காக வரைபடத்தில் காணாத தீவுகளில் கரைந்தனர். மக்கட்டொகைக் கணக்கிலே 'குறைவு' என்று ஒரு சொல் வந்தால், அதன் பின்னே ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள் என்று நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

1936-ஐ எண்ணினால் குருதி கொதிக்கிறது. அவ்வாண்டு சூன் திங்களில் பிரான்சிலே இலெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்து, பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை என்று சட்டம் செய்தது. சூலை 30-ஆம் நாள், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், புதுவையில் வேலை நிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கி வெடித்தது. பன்னிருவர் மாண்டனர். கொடி ஒன்று, குடி வேறு! ஆனால் குண்டு தோற்றது. வ. சுப்பையா போன்றோர் கட்டி வளர்த்த சங்கத்தின் உறுதியால், 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்த தொழிற்சட்டம் வந்தது. ஆணையிட்டது பாரிசு, ஆணையிட வைத்தது முதலியார்பேட்டைக் குடிசை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பட்டியல் பிரிவினை ஒழிந்தது. பெண்கட்கும் வாக்கு வந்தது. ஒரு தலைக்கு ஒரு வாக்கு. அறுபதாண்டுக் கோணல் நிமிர்ந்தது. நிமிர்ந்த கோல் என்ன செய்தது தெரியுமா? ஏந்தியவனையே வெளியே போகச் சொன்னது! 1954 மார்ச்சு 18-இல் புதுவைக் கொம்யூன்களின் மன்றங்கள், பொது வாக்கெடுப்பு வேண்டா, இந்தியாவுடன் இணைவோம் என்று தீர்மானம் நிறைவேற்றின. அவ்வாண்டு அக்டோபர் 18-இல், வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்த கீழூரில், பிரதிநிதித்துவ சபையினரும் மன்ற உறுப்பினரும் கூடினர். மொத்தம் 178 பேர். இணைவோம் என்றோர் 170, வேண்டா என்றோர் 8. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1962 ஆகத்து 16-இல் சட்டப்படி நிறைவேறியது.

செல்லிப்பட்டிலிருந்து கீழூர் வெகு தொலைவன்று. மாளிகை இல்லாத சிற்றூர் அது. அங்கே கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் யார்? ஊர் மன்றத்து உறுப்பினர்கள். தெருவிளக்குக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் வாதாடியவர்கள். ஒரு பேரரசை வழியனுப்பும் தகுதி அவர்க்கு உண்டென்று பிரான்சும் இந்தியாவும் ஒப்புக்கொண்டன. நாடெங்கும் தலைவர்கள் பேசித் தீர்த்ததை இங்கே ஊராட்சி உறுப்பினன் வாக்களித்துத் தீர்த்தான்.

அப்படிப்பட்ட மன்றத்துக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? 1968-இல் ஒரு தேர்தல். 1973-இல் நகராட்சிச் சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. சட்டம் வந்தது, தேர்தல் போயிற்று! 1992-இல் அரசியலமைப்பையே திருத்தி, ஐந்தாண்டுக்கொரு முறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்றனர். அப்போதும் புதுவை அசையவில்லை. நீதிமன்றம் இடித்துரைத்தபின் 2006-இல்தான் வாக்குப்பெட்டி வந்தது. இடைவெளி முப்பத்தெட்டு ஆண்டுகள்! 2011-இல் காலம் முடிந்தது. 2021-இல் தேர்தல் அறிவிப்பு வெளிவந்தது. வட்டப் பங்கீடு, இட ஒதுக்கீடு என்று வழக்கு எழுந்தது, அதுவும் நின்றது. ஒதுக்கீடு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஒதுக்கீட்டுக் கணக்கை ஆண்டுக்கணக்கில் முடிக்காமல் வைத்திருந்து, அதையே தடையாகக் காட்டும் தந்திரத்தைத்தான் கேட்கிறோம். பல கட்சியினர் மாறி மாறி ஆண்டனர். நம் நெஞ்சுக்கு நெருக்கமானோரும் ஆண்டனர். மேயர் ஒருவர் எழுந்தால் தம் நிழல் சுருங்கும் என்று சட்டமன்ற உறுப்பினர் அஞ்சுவதில் கட்சி வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. இது நம் கருத்து.

வில்லியனூர்த் தேரைப் பாருங்கள்! வைகாசி தோறும் திருக்காமீசுவரர் தேர் புறப்படும். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்தார். அவர் போனபின் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்தார். ஆட்சி மாறினும் வடம் மாறவில்லை. தேருக்கு நாள் தவறாது, தேர்தலுக்கு மட்டும் நல்ல நாள் கிடைக்கவில்லையே, இது எந்தப் பஞ்சாங்கம்?

இக்கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்திலே 'பர்க்' எனப்படும் நகரங்கள் புகழ் பெற்றவை. ஆங்கே 1469-இல் ஒரு சட்டம் செய்தனர்: பழைய மன்றமே புதிய மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் என்று! வணிகச் சங்கத்துச் செல்வர்கள் மைத்துனனை இழுத்தனர், மருமகனை அமர்த்தினர். முந்நூற்று அறுபது ஆண்டுகள் இதே கூத்து. கேட்க ஆளில்லாக் கணக்கு எங்கே போய் முடியும்? தலைநகர் எடின்பரோ 1833-இல் கடனிலே மூழ்கித் திவாலாயிற்று. அதே ஆண்டிலேதான் நகரச் சீர்திருத்தச் சட்டமும் வந்து, வீடுடையோர்க்கேனும் வாக்கு கிடைத்தது. இயற்கையாய் நேர்ந்த பொருத்தமா இது? நகரத்தின் பணப்பெட்டியை நகரத்தான் எண்ணக்கூடாது என்ற இடத்தில் வேறென்ன நேரும்? அவர்கள் பழைய மன்றம் புதிய மன்றத்தைப் பெற்றது. நம்மூரில் மன்றமே மறைந்து, தனி அதிகாரி வந்து அமர்ந்தார். அதிகாரி நல்லவராகவும் இருக்கலாம். அவரை மாற்றும் உரிமை செல்லிப்பட்டுக் குடிக்கு இல்லை.

இடைப்பட்ட காலத்தில் ஊர் உறங்கிக் கிடந்ததா? 1961-இல் புதுவை மாநிலம் முழுவதும் 3,69,079 மக்கள், 2011-இல் 12,47,953. ஐம்பதாண்டில் மூன்று மடங்குக்கு மேல்! நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் நகர்ப்புறத்தார். உழவர்கரை நகராட்சி மூன்று இலட்சத்தை எட்டித் தாய் நகரான புதுச்சேரியையே முந்திவிட்டது. ஏர் ஓடிய வயலில் மனைக்கல் நட்டாயிற்று. பொருள் வாழ்வும் தலைகீழாயிற்று. நூறாண்டுக்கு மேல் ஊருக்குச் சோறிட்ட மூன்று பஞ்சாலைகளும் 2020-இல் மூடுவிழாக் கண்டன. பன்னிருவர் உயிர் கொடுத்து எட்டு மணி நேரம் வாங்கித் தந்தனர். அந்த எட்டு மணி நேரத்துக்கு உரிய வேலை போயிற்று. மதுக்கடையும் விடுதியும் தனியார் கல்லூரியும் தொழிற்பேட்டையும் வந்தன. இவற்றுள் எது ஊருக்கு ஆகும், எது ஆகாது, ஏரிக்கு வரும் நீர் எங்கே மறிக்கப்படுகிறது, குப்பை எவன் கொல்லையில் கொட்டப்படுகிறது என்பவற்றை ஊர் கூடிப் பேச மன்றம் இருந்ததா? மக்கள் மும்மடங்கு பெருகிய அரை நூற்றாண்டில், முப்பத்தெட்டு ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே இல்லை என்றால், என் சொல்வது!

செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே சங்கராபரணியின் குறுக்கே பிரெஞ்சியர் காலத்துப் படுகை அணை ஒன்று உண்டு. வெள்ளம் வந்து அது உடைந்தபோது கரையில் நின்ற பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "தம்பி, முன்னே எல்லாம் மேரிக்குப் போய்ச் சத்தம் போடுவோம். இப்போ எங்கே போய்ச் சத்தம் போடுறது?" நாம் படித்த பட்டத்திலே இதற்கு விடை இருந்ததாக நினைவில்லை.

மேரி என்றதும் புதுவைக் கடற்கரையில் நின்ற அந்த வெள்ளை மாளிகை கண்முன் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். 2014 நவம்பர் 29-இல் மழையில் நனைந்து மடிந்து வீழ்ந்தது. மீண்டும் எழுப்பினர், அச்சு மாறாமல், தூண் மாறாமல், முன்போலவே எழுப்பினர். 2021 பிப்ரவரியில் நாட்டின் தலைமை அமைச்சர் திறந்துவைத்தார். சுண்ணாம்பு மணம் மாறாத மண்டபம், மெருகேறிய மரக்கதவு. மேயருக்கென்று கட்டிய மாளிகையில் மேயர் மட்டும் இல்லை.

மறுநாள் வகுப்பிலே அந்தச் சிறுவனிடம் விடையைச் சொன்னோம். "நம் ஊருக்குத் தலைவர் இல்லை, தம்பி. தேர்தல் நடந்தால் வருவார்." அவன் அமர்ந்தான். அவனுக்குப் பின்னிருக்கையில் இருந்த சிறுமி எழுந்தாள்: "அப்படியானால் தேர்வில் எதை எழுதுவது, ஐயா? புத்தகத்தில் உள்ளதையா, நீங்கள் சொன்னதையா?"

வகுப்பு சிரித்தது. நாம் கரும்பலகையில் '178' என்ற எண்ணை எழுதி, கீழூர்ப் பாடத்தைத் தொடங்கினோம்.